மீன் பக்கத்துக்கு இடம்

"இடம் இல்லியாம்ப்பா" என்று ஜொவிட்டா வந்து நின்றபோது, பவுல்சாமி தன் மனைவி வெரோனிகாவின் மீன் கடைக்குப் பின்னால் குந்தி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை. பட்டினப்பாக்கம் ரோட்டோரத்தில் வஞ்சிரத்துக்கு நல்ல கூட்டம்.

"எங்க இடம் இல்ல? பஸ்ஸுலியா?"

"சைட்லப்பா. சகினா அக்கா இப்பதான் சொன்னாங்க. ஃபுல் ஆயிடுச்சாம். இனிமே ஒரு படம்கூட ஏத்த முடியாதாம்."

"ஆகாசத்துலதான கீது அது? ஆகாசத்துல இடமில்லன்னா இன்னா அர்த்தம்? எவனோ வளைச்சிப் போட்டுக்கினு கீறான். நீ சண்டை போட்டியா இல்லியா?"

"யார்கிட்ட போய் சண்டை போடறது? அமெரிக்காவுல கீறான் அவன். ஓசியில இவ்ளோதான் இடம்னு மொதல்லியே சொல்லிட்டான்."

ஓசி என்ற சொல்லைக் கேட்டதும் பவுல்சாமி சுத்தியலைக் கீழே வைத்தார். ஓசியில் எவன் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்பது அவர் முடிவு. அதை ஜொவிட்டா இந்த சைட்டை ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த சைட்டுக்கு அவரைப் போல உழைத்தவரும் கிடையாது.

விஷயம் இதுதான். ஜொவிட்டா பி.ஏ. முடித்துவிட்டு, அடையாறில் ஒரு நிலையத்தில் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பக்கம் போடுகிற படிப்பு படித்தாள். பழகுவதற்காக தினம் ஒரு பக்கம் செய்தாள். அன்றைக்கு அம்மா கடைக்கு வந்த மீனை ஒரு படமாக வரைந்து, பக்கத்தில் தமிழில் மூன்று நான்கு வரி. தமிழை எழுத்தாகப் போட்டால் வேறு கம்ப்யூட்டரில் கோணல்மாணலாகத் தெரிகிறது என்று, எழுதியதையும் படமாகவே மாற்றிப் போடுவாள். படம் என்றால் இடம் அதிகம் பிடிக்கும். அது அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. வரிகளில் பாதி அப்பா வாயிலிருந்து விழுந்தவை.

"இன்று மழை. மீன் இல்லை. பூனைகளுக்கு எங்கள் மேல் கோபம்."

"சங்கரா வாங்க வந்தவர் மீனின் கண்ணைப் பார்க்கவில்லை. அம்மாவின் கண்ணைப் பார்த்தார். அம்மா பொய் சொல்லவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டாள்."

இப்படி. துபாயிலும் கனடாவிலும் இருக்கிற சாந்தோம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு வணக்கம் எழுதிப் போட்டார்கள். மீன் பக்கம் என்று பேரே வந்துவிட்டது.

அந்தப் பேர் எப்படியோ தி.நகரில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிற மதுவந்தி என்ற பெண்மணியின் காதுக்கும் போயிருக்கிறது. ஜொவிட்டாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "படம் நன்னா இருக்கு. ஆனா எல்லாம் குப்பையா கொட்டிக் கெடக்கு. எந்த நாள் பக்கத்தையும் நான் தேடி எடுக்கற மாதிரி ஒரு முகப்பு செஞ்சு போடு. திங்கக்கிழமை காலம்பற உன்னை வச்சுண்டே திறந்து பாக்கறேன். சரியா இருந்தா வேலை" என்று சொல்லிவிட்டாள். முகப்பு தயார். ஏற்ற இடமில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது.

"பழச கொஞ்சம் எடுத்துட்டா ஆவாது?" என்றாள் வெரோனிகா, வஞ்சிரத்தின் செதிலைச் சீவிக்கொண்டே.

"பழச எடுக்க வேணாம்மா. எல்லாம் மூணு மூணா கீதாம்." ஜொவிட்டா அப்பாவைப் பார்த்தாள். "யாரோ போய் சகினா அக்காகிட்ட மூணு இடத்துல வைக்கச் சொல்லிக் கீறாங்க."

பவுல்சாமிக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்."

பவுல்சாமி யாரையும் நம்ப மாட்டார். ஒரு டாக்டர் எழுதிய சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் மாத்திரை வாங்க மாட்டார். கோயிலில் சாமியார் சொல்லும் தேர் பவனி நேரத்தைக்கூட உபதேசியாரிடம் போய் இன்னொரு தரம் கேட்டுத்தான் நம்புவார். பிறந்ததிலிருந்து இப்படி இல்லை. குப்பம் எரிந்த வருஷம் ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சீட்டு, ஜொவிட்டாவின் பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாம் சாம்பலாயின. தான்தான் பவுல்சாமி என்று நிரூபிக்க பவுல்சாமிக்கு இரண்டு வருஷம் பிடித்தது. போன ஆபீஸிலெல்லாம், "ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அதிலிருந்து எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மூன்று ஜெராக்ஸ். ஒன்று வீட்டுப் பெட்டியில், ஒன்று அடையாறில் மச்சினிச்சி வீட்டில், ஒன்று அவர் பாளம் தூக்கின ஐஸ் ஃபாக்டரி மேனேஜர் பீரோவில்.

ஜொவிட்டாவிடம் இருந்தது ஒரே ஒரு ஃபிளாப்பி. தினம் படத்தை அதில் எடுத்து வருவாள், அடுத்த நாள் அதை அழித்துவிட்டுப் புதிது. படிக்கிற இடத்திலும் வாரக் கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். அந்த ஃபிளாப்பியை கச்சேரி ரோட்டில் சகினாவின் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பவுல்சாமியின் வேலை. சகினா அதை சைட்டில் ஏற்றுவாள். ஒரே ஃபிளாப்பி, அதுவும் தினம் அழிகிறது என்று தெரிந்த அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாளே சகினாவிடம், "மூணு இடத்துல வையிம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் மூன்று ஃபோல்டரில் வைத்தாள். அவரைப் பொறுத்தவரை அது மூன்று ஊர்.

"மூணும் ஒரே எடத்துலதாம்ப்பா கீது" என்றாள் ஜொவிட்டா. "ஒரே பெட்டிக்குள்ள மூணு பொட்டலம் மாரி. பெட்டி எரிஞ்சா மூணும் எரியும்."

"இத ஏன் அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? மூணு இடம்னு சொன்ன, வச்சிட்டாங்க. இப்ப நீயே போய் ரெண்ட எடுக்கச் சொல்லு. எனுக்கு இன்னிக்கு டெஸ்ட்டு. முடிச்சிட்டு சாயங்காலம் நேரா அங்க வந்து முகப்ப ஏத்திடறேன். எப்பா, ரெண்டு மட்டும்தான்."

"எனுக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயம்" என்று சொல்லிவிட்டு அவள் அடையாறு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சகினாவின் கடை அகலத்தில் ஒரு ஆள் கையை விரித்தால் முடிந்துவிடும். நீளத்தில் நாலு கம்ப்யூட்டர், நடுவே பலகைத் தடுப்பு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நம்பர். பள்ளிக்கூட டீச்சராக இருந்த சகினா, கணவர் துபாய் போன பிறகு இந்தக் கடையை வைத்தாள். பவுல்சாமி போனபோது ஒரு அம்மாளுக்கு ஜாதகம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு செட்ட நான் எடுத்துடறேன் அங்கிள். அஞ்சு நிமிஷ வேலை."

"நீ எடுக்காத. வச்ச கையே எடுத்தா, இன்னா வச்ச, இன்னா எடுத்தன்னு யாரு கேக்கறது? நான் எடுக்கறேன். எப்பிடின்னு மட்டும் காட்டு."

"என்னிய நம்ப மாட்டீங்களா?"

"உன்ன நம்பாம இல்லம்மா. பொதுவா."

சகினா சிரித்துக்கொண்டே அவரை மூன்றாம் நம்பரில் உட்கார வைத்தாள். திரையில் ஒரு பக்கம், ஊர் உலகம் பார்க்கிற மீன் பக்கம். இன்னொரு பக்கம், உள்ளே இருக்கிற படங்களின் வரிசை, மூன்று குவியலாக. கட்டத்தில் அமுக்கினால் டிக் விழும், கீழே இருக்கிற சாம்பல் நிறப் பட்டனை அமுக்கினால் போய்விடும் என்று காட்டினாள். "ரெண்டாவதும் மூணாவதும் மட்டும். முதல் குவியலத் தொடாதீங்க."

அவர் எடுத்த எடுப்பில் எதையும் அழித்துவிடவில்லை. இருப்பது என்ன என்று பார்க்காமல் எதை எடுப்பது? ஊர் பார்க்கிற பக்கத்தில் போய் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு படமாகத் திறந்தார். ஒரு படம் திறக்க ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆனது. ஆகட்டும் என்று உட்கார்ந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்றாலும் இந்த வரிகளை அவர் படிக்கத் தேவையே இல்லை. காரப்பொடி மீன் வந்த நாள். வலையில் பிளாஸ்டிக் குடம் சிக்கின நாள். வெரோனிகா தராசுக்காரனைத் திட்டின நாள், திட்டினது என்ன என்று மட்டும் ஜொவிட்டா எழுதவில்லை. மத்தியானம் போய் வெயில் சாயும்வரை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு மூன்றாம் குவியலை அழித்தார். இரண்டாம் குவியலை அழித்தார். மீன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். பவுல்சாமிக்கு ஒரு சந்தேகம். சகினா முதல் குவியல்தான் அசல் என்கிறாள். அவள் சொல்வது தப்பாக இருந்தால்? சோதித்துப் பார்ப்பதில் என்ன போகிறது? மீனே இல்லாத அந்த மழை நாள் பக்கம் ஒன்றை மட்டும் முதல் குவியலிலிருந்து அழித்தார். மீன் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. பூனைகளும் இருந்தன.

இன்னொன்றை அழித்தார். அதுவும் இருந்தது.

அப்படியா சங்கதி என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். இந்த மூன்று குவியலுமே ஜெராக்ஸ்தான். அசல் அமெரிக்காவில் அந்த ஓசிக்காரனிடம் பத்திரமாக இருக்கிறது. இது சகினாவுக்கும் தெரியவில்லை, படித்த பிள்ளை ஜொவிட்டாவுக்கும் தெரியவில்லை. அழித்தாலும் அழியாத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு இடத்தை அடைத்து வைக்க வேண்டும்? காலையில் மகள் முகம் தொங்கிப் போயிருந்தது நினைவுக்கு வந்தது. மொத்த இடத்தையும் காலியாக்கிக் கொடுத்தால் அவள் முகப்பை வைக்கட்டும், வீடே கட்டட்டும். எதையும் யாரையும் நம்பாத மனிதர் அன்றைக்கு முதல் தடவையாகத் தன் கண்ணை முழுசாக நம்பினார். வரிசையாக டிக் அடித்தார். சாம்பல் பட்டனை அமுக்கினார். கடைசியாக ஒரு தரம் மீன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தது.

எழுந்துபோய் முனைக் கடையில் டீ சொன்னார். "இன்னா தலிவரே, மீன் வியாபாரத்த வுட்டுட்டு கம்ப்யூட்டர் கடைல குந்திக்கினு கீறே?" என்று டீ மாஸ்டர் கேட்டதற்கு, "நம்ம பொண்ணு சைட்டுல ஒரே அடைசல். பெருக்கித் தள்ளிட்டு வரேன்" என்றார். டீ நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஜொவிட்டா முதல் நம்பரில் உட்கார்ந்திருந்தாள். சகினா அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்டி? இடம் போதுமா?" என்றார் பவுல்சாமி.

ஜொவிட்டா திரும்பவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டியாப்பா?"

"அழிச்சேன். அழிச்சா இன்னா? அசல் அங்க கீது."

"எங்க கீது? இங்க பாரு." திரையில் வெள்ளையாக ஒரு பக்கமும், நடுவில் இங்கிலீஷில் ஒரு வரியும் மட்டும் இருந்தன. "ஒண்ணும் இல்ல. மேலேந்து கீழ வரைக்கும் ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை அந்த மேடத்துக்கு நான் இன்னாத்தக் காட்டுவேன்? வெறும் முகப்பையா? உள்ள போனா வூடே இல்லியே!"

"அந்தப் பொட்டி கோளாறு. மூணாம் நம்பர்ல வந்து பாரு. அழிச்சப்புறமும் இருந்துச்சு. நான் என் கண்ணால..."

"எப்பா. போதும்ப்பா." அவள் கத்தியிருந்தால் பவுல்சாமியும் கத்தியிருப்பார். அவள் சொன்னது அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக இருந்தது. கையிலிருந்த ஃபிளாப்பியை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பவுல்சாமி அந்த ஃபிளாப்பியைப் பார்த்தார். ஆனாலும் கண்ணால் கண்டது கண்டதுதானே. விறுவிறுவென்று மூன்றாம் நம்பருக்குப் போனார். அங்கே அபிராமபுரத்து சுவாமிநாதன் உட்கார்ந்திருந்தார். பாங்கில் வேலை பார்த்து ரிடையரானவர். தினம் சாயங்காலம் அதே நேரத்துக்கு வந்து அதே மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் அடிக்கிறவர்.

"சாமி, கொஞ்சம் எழுந்துக்கோ. ஒரு அவசரம்."

"என்னய்யா இது, எழுந்துக்கோன்னா? எனக்கும் அவசரம்தான். பேத்தி பிறந்திருக்கா. ஷ்ரவண் போட்டோ அனுப்பியிருக்கான். இப்பத்தான் வந்துண்டிருக்கு."

படம் மேலிருந்து ஒரு நூல் ஒரு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றியும் மூடின இரண்டு கண்ணும் வந்திருந்தன.

"அப்புறமா பாத்துக்கலாம் சாமி. என் பொண்ணு பொழப்பு போவுது. நான் பாத்தது இந்தப் பொட்டியிலதான் கீது. நீ எழுந்தின்னா அவளுக்குக் காட்டுவேன்."

"நடுவுல நிறுத்தினா மறுபடி நெத்திலேர்ந்து வரணும்யா! இன்னும் மூக்கே வரலை!"

இந்தச் சத்தத்துக்கு சகினா ஓடி வந்தாள். பவுல்சாமியை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை பார்த்தாள். "அங்கிள், நீங்க அழிச்ச அப்புறமும் தெரிஞ்சுதுன்னீங்களே, இதுலதான் தெரிஞ்சுதா? அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாப் படத்தையும் இதுல திறந்து பாத்தீங்களா?"

"பாக்காம எவனாவது அழிப்பானா? ஒண்ணு வுடாம பாத்தேன்."

"யா அல்லா" என்றாள் சகினா. "ஜொவிட்டா! இங்க வா. இருக்கு!"

அவள் வேகவேகமாகச் சொன்னதை பவுல்சாமி இப்படிப் புரிந்துகொண்டார். இந்தப் பெட்டி ஒரு சோம்பேறி. ஒரு தரம் பார்த்த படத்தைத் தூரத்திலிருந்து மறுபடி கொண்டுவருவானேன் என்று, யாரிடமும் சொல்லாமல் உள்ளே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தரம் கேட்டால் அங்கே போகாமலே, பதுக்கினதை எடுத்து நீட்டுகிறது. அவர் பார்த்ததெல்லாம் அந்தப் பதுக்கல்.

"அப்ப எங்கிட்ட பொய் சொல்லிக் கீது" என்றார்.

"பொய் சொன்னதாலதான் அங்கிள் இப்ப பிழைச்சீங்க. ஆனா உள்ள இருக்கறதும் கொஞ்சம் இடம்தான். புதுசு புதுசா பாக்கப் பாக்க பழசத் தூக்கி எறிஞ்சுடும். கடை மூடும்போது நானும் தினம் துடைச்சுடுவேன். சார், நீங்க வந்து எத்தன போட்டோ பாத்தீங்க?"

சுவாமிநாதனின் குரல் இறங்கிவிட்டது. "முதல்ல மாட்டுப்பொண்ணு. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல். அப்புறம் ஒரு கார், அது எதுக்கு அனுப்பினான்னு தெரியலை. ஒவ்வொண்ணும் பெரிசு பெரிசா இருந்துது. இது நாலாவது."

"இதுக்கு மேல எதையும் தொடாதீங்க. இதை நிறுத்திடலாமா?"

படம் இன்னொரு நூல் இறங்கியது. பவுல்சாமி நினைத்தால் அந்த நாற்காலியை அப்படியே அலாக்காகத் தூக்கி நகர்த்தியிருக்க முடியும். வாழ்நாளெல்லாம் ஐஸ் பாளம் தூக்கின கை. ஜொவிட்டாவைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்க்கா" என்றாள். "பாதி மொகத்தோட எப்படி நிறுத்தறது?"

நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கு வந்தது. நடுவில் ஒரு தரம் அப்படியே நின்றுபோய், போனில் லைன் போச்சோ என்று சகினா கையைப் பிசைந்தாள். மறுபடி நகர்ந்தது. உதடு வந்தது. மோவாய் வந்தது. மோவாய்க்குக் கீழே அதை ஏந்தியிருந்த ஒரு கை வந்தது.

"என் பிள்ளை கை" என்றார் சுவாமிநாதன். "மோதிர விரல்ல அந்தத் தழும்பு பாருங்கோ. கதவுல நசுக்கிண்டான்." எழுந்து தள்ளி நின்றுகொண்டார். "வர்ஷினின்னு பேர் வெச்சிருக்கா. ம், உட்காரு குழந்தே. உன்னோடத எடுத்துக்கோ."

"ஜாடை உன்னுதுதான் சாமி" என்றார் பவுல்சாமி. அவரால் முடிந்த மன்னிப்பு அதுதான்.

ஜொவிட்டா உட்கார்ந்தாள். சகினா சொல்லச் சொல்ல எங்கெங்கோ உள்ளே போய் ஒரு இடத்தைத் திறந்தாள். பேரே புரியாத குப்பை ஒரு மலை. தினசரிக்காரன் விளம்பரம், யாரோ ஒரு கிரிக்கெட்காரன் முகம், கல்லூரி ரிசல்ட், எல்லாம் கலந்து கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு கார் வந்தது. ஒரு பட்டன் வந்தது. அப்புறம் ஒரு காரப்பொடி வந்தது.

"தோ!" என்று பவுல்சாமி போட்ட சத்தத்தில் நாலாம் நம்பரில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. அதுவே ஊரில் நடக்காத விஷயம். சகினா மேஜை இழுப்பறையிலிருந்து பழைய ஃபிளாப்பிகளை எடுத்துத் தட்டிக் கொடுக்கக் கொடுக்க, ஜொவிட்டா மீன் மீனாகப் பொறுக்கி அதில் போட்டாள். சங்கரா கிடைத்தது. பிளாஸ்டிக் குடம் கிடைத்தது. தராசுக்காரன் கிடைத்தான். ஆரம்ப நாட்கள் போய்விட்டிருந்தன. அவற்றைத்தான் அவர் முதலில் திறந்து பார்த்தார், அதனால் அவற்றைத்தான் பெட்டி முதலில் தள்ளிவிட்டிருந்தது. சுவாமிநாதனின் கார் நின்ற இடத்தில் வாளை மீன் ஒன்று நின்றிருக்க வேண்டும்.

"போனது போவட்டும்" என்றாள் ஜொவிட்டா. "அந்த மொத மாசம் எனுக்கு வரையவே தெரியாது. வாளைய வரைஞ்சா பாம்புன்னு நெனச்சி எழுதினாங்க."

"முகப்புல அந்த நாளெல்லாம் வெறுமையா இருக்காதா?" என்று சகினா கேட்டாள்.

"இருக்கட்டும்க்கா. 'கடலுக்குப் போகாத நாள்'னு போட்டுடறேன்."

கடை மூடும் நேரத்துக்கு வெகு முன்பே எல்லாம் ஏறிவிட்டது. படங்கள் ஒரே ஒரு குவியல். முகப்பு ஒன்று. இடத்தில் முக்கால்வாசி சும்மா கிடந்தது. பவுல்சாமி இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்ல. இவ்ளோ இடம் சும்மா கீதே, இன்னும் ஒரே ஒரு..."

ஜொவிட்டா திரும்பிப் பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தார்.

"காப்பி வைக்கலாம்ப்பா. ஆனா இங்க இல்ல. ஃபிளாப்பியில. நெசமாவே வேற வேற வூட்ல. ஒண்ணு நம்ம வூட்ல, ஒண்ணு சகினா அக்காகிட்ட."

"மூணாவது?"

"என்கிட்ட கொடுங்கோ" என்றார் சுவாமிநாதன். அவர் இன்னும் போகவில்லை. பேத்தி படத்தைத் தாளில் அடித்துத் தரச் சொல்லி வாங்கிக் கையில் வைத்திருந்தார். "எங்க ஆத்து பீரோல வெக்கறேன். மீன்தான், ஆனா படம்தானே? வாசனை வராதே?"

"வந்தா சொல்லு சாமி, ஐஸ் போட்டு அனுப்பறேன்" என்றார் பவுல்சாமி.

திங்கட்கிழமை காலை அப்பாவும் மகளும் பன்னிரண்டு பி பஸ்ஸில் ஏறி பாண்டி பஜாரில் இறங்கினார்கள். நீ எதுக்குப்பா என்று அவள் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. கம்பெனி ஒரு துணிக்கடைக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் இருந்தது. ஜொவிட்டா மேலே போனாள். பவுல்சாமி கீழே வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். யாரு ஓனரு, எத்தினி வருஷமா கீது, பொம்பளப் பசங்கள பொழுதோட வூட்டுக்கு அனுப்பறாங்களா, போன மாசம் யாராவது அழுதுகினே எறங்கிப் போனாங்களா என்று வரிசையாகக் கேட்டார்.

"அந்தம்மா நல்ல அம்மா" என்றான் வாட்ச்மேன்.

"உனுக்கு சம்பளம் குடுக்கறவங்கள நீ வேற எப்டி சொல்லுவே?"

வெகுநேரம் ஆயிற்று. வெயில் ஏறி, துணிக்கடைக்காரன் பொம்மைகளுக்குச் சேலை கட்டி வெளியே நிறுத்திவிட்டான். இவ்வளவு நேரம் ஆவதென்றால் திட்டுகிறார்கள் என்று ஒரு பக்கம் தோன்றியது. திட்டுவதற்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று இன்னொரு பக்கம் தோன்றியது. நல்லதாக ஒன்று அவருக்குத் தோன்றியே பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினார்.

"எப்பா! மேல வா!" ஜொவிட்டா மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

மேலே மதுவந்தி, தலை கொஞ்சம் நரைத்த, கண்ணாடி போட்ட பெண்மணி, வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு திரையில் சங்கரா மீன் பளபளத்தது.

"எல்லாத்தையும் ஒரு தட்டுல அழிச்சவர் நீங்கதானா?"

"நான்தான்" என்றார் பவுல்சாமி. "அந்தப் பொட்டி எங்கிட்ட பொய் சொல்லிச்சு. உன் பொட்டியும் சொல்லும். பாத்து இரும்மா."

மதுவந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கிட்டயும் சொல்லியிருக்கு. ஒரு ஜவுளிக் கடையோட தீபாவளிப் பக்கத்த நான் இப்படித்தான் தொலைச்சேன். எனக்கு அப்போ திருப்பி எடுக்கத் தெரியலை. உங்க பொண்ணு ஒரு சாயங்காலத்துல எடுத்துட்டா, காணாமப் போன நாளுக்கும் ஒரு பேர் வெச்சுட்டா. நாளைலேர்ந்து வரச் சொல்லியிருக்கேன்."

பவுல்சாமி ஜொவிட்டாவைப் பார்த்தார். நிஜமா என்று கண்ணால் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் ஆட்டினாள்.

"சரி, எங்க குந்துவா?" என்றார்.

"என்ன?"

"வேலைன்னு சொல்லிட்ட. குந்தறதுக்கு இடம் கீதா? அதக் காட்டு."

ஜொவிட்டா, "எப்பா" என்று பல்லைக் கடித்தாள். மதுவந்தி ஜன்னலோரம் இருந்த ஒரு மேஜையைக் கைகாட்டினாள். மேலே ஒரு கம்ப்யூட்டர், முன்னால் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. பவுல்சாமி போய் நாற்காலியைப் பிடித்து ஆட்டினார். உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் அசைந்தார். எழுந்து அதைக் கவிழ்த்துப் போட்டு ஒரு சக்கரத்தை விரலால் தட்டினார்.

"இது லூஸா கீது. நாளைக்குள்ள மாத்திடும்மா. நாள் பூரா குந்தி வேலை செய்யற பொண்ணு."

"மாத்திடறேன்" என்றாள் மதுவந்தி.

"மாத்திடறேன்னு எல்லாரும்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு, பவுல்சாமி தரையில் குந்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாவை எடுத்து, அந்தச் சக்கரத்தின் திருகை முடுக்க ஆரம்பித்தார்.